பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ்: 7 வயதுப் பிள்ளைக்கு எழுத்தும் இலக்கணமும் விளையாட்டாக

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகளுக்கு 7 வயது, மலையாள வழிப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வீட்டில் பேச்செல்லாம் தமிழ். அரிச்சுவடி அட்டை வாங்கி மாட்டி வரிசையாகச் சொல்லித்தரத் தொடங்கினால் பிள்ளை அழுகிறாள். 'வீடு' எழுதச் சொன்னால் 'வீட்' என்று எழுதுகிறாள். 'பம்பரத்துல ரெண்டு ப-வும் வேற வேற சத்தம், அப்புறம் ஏன் ஒரே எழுத்து?' என்று கேட்கிறாள். மாமியார் எழுதிக் காட்டும் 'லை' அட்டையில் இருப்பதுபோல் இல்லை என்று குழப்பம் வேறு. சொல் விளையாட்டு மூலமாகவே எழுத்தும் இலக்கணமும் கற்றுத்தர முடியுமா, மலையாளம் குறுக்கே நிற்கிறதா என்பது அவர் எழுதியிருக்கும் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: எதை எந்த வரிசையில் விளையாடுவது? முடியும் என்பது சுருக்கமான பதில். ஆனால் ஒரு விளையாட்டுக்குள் ஒரே ஒரு விதிதான் இருக்க வேண்டும். அது எந்த விதி என்று பெரியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை. மலையாளம் நாலைந்து இடங்களில் தடுக்கிவிடும், அதைவிட அதிகமான இடங்களில் கைகொடுக்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காதுக்கும் வாய்க்கும் பிடிபட்ட பிறகுதான் எழுத்து கண்ணுக்கும் கைக்கும் போக வேண்டும். ஒரு சொல்லைத் துண்டு துண்டாகக் கேட்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்து வெறும் கோலம். நம் மொழிகளில் குழந்தைக்கு முதலில் பிடிபடும் துண்டு 'கா', 'மி', 'றை' போன்ற முழு உயிர்மெய்தான். 'க் + ஆ = கா' என்று பிரித்துக் காட்டுவது பெரியவர்களுக்கு எளிது, ஏழு வயதுக்கு அது கடைசியில் வர வேண்டிய பாடம். அரிச்சுவடி அட்டையோ அதில்தான் தொடங்குகிறது. 12 உயிர், 18 மெய், 1 ஆய்தம், 216 உயிர்மெய் என 247 கட்டங்களும் ஒரே நேரத்தில் கண்முன் நின்றால் யாருக்கும் அழுகை வரும். அட்டையை மூன்று மாதத்துக்குக் கழற்றி வையுங்கள்.

காதுக்கான முதல் விளையாட்டுக்கு உங்கள் ஊர்ப் பெயரே போதும். 'கொழிஞ்சாம்பாறை' என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லி, துண்டுக்கு ஒரு தட்டாகக் கை தட்டச் சொல்லுங்கள். கொ, ழிஞ், சாம், பா, றை: ஐந்து தட்டு வரும். பிறகு தாளில் எழுதி எழுத்துகளை எண்ணச் சொல்லுங்கள். கொ, ழி, ஞ், சா, ம், பா, றை: ஏழு வரும். 'தட்டு அஞ்சு, எழுத்து ஏழு, மிச்சம் ரெண்டும் எங்கே ஒளிஞ்சிருக்கு?' என்று கேளுங்கள். புள்ளி வைத்த இரண்டும்தான் தனியாகத் தட்டு வாங்காதவை என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மெய் தனித்து நிற்காது, முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்ற விதி இதற்குள் இருக்கிறது. 'மெய்யெழுத்து' என்ற பெயரை அடுத்த வருடம் சொன்னால் போதும்.

இதே விதிக்கு இன்னும் ருசியான விளையாட்டு 'க' பாஷை. ஒவ்வொரு துண்டுக்கு முன்னாலும் ஒரு 'க' சேர்த்துப் பேசும் ரகசிய பாஷை அது. 'அம்மா வா' என்பது 'கஅம் கமா கவா' ஆகும். 'கொழிஞ்சாம்பாறை' என்பது 'ககொ கழிஞ் கசாம் கபா கறை'. புள்ளி எழுத்துக்கு முன்னால் 'க' வராது, அது தனித் துண்டு இல்லை. முதலில் இரண்டு துண்டுள்ள சொற்கள், அவை சரளமானதும் மூன்று. வேகம் வேண்டாம். வேகம் கூடினால் பிள்ளை சொல்லைத் துண்டாக்காமல் பாட்டுபோல் இழுக்கத் தொடங்குவாள், பயிற்சி அங்கேயே நின்றுவிடும். பத்து நாள் இப்படிப் பேசிப் பழகினாலே, எழுதும்போது மெய்யை விட்டுவிடும் பிழை கணிசமாகக் குறையும்.

எழுத்துக்கு வந்தால், ட, ப, ம, க, ல என்ற ஐந்தில் தொடங்குங்கள். ட, ப, ம மூன்றும் பெரும்பாலும் நேர்க்கோடுகளால் ஆனவை, பிஞ்சுக் கைக்கு வசப்படும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் உள்ளங்கை அளவுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று அட்டை வெட்டுங்கள். துணைக்காலுக்கு நான்கு ஒல்லி அட்டை. புள்ளிக்கு ஸ்டிக்கர் பொட்டு. எழுத்தின் தலையில் பொட்டு ஒட்டினால் மெய், எடுத்தால் உயிர்மெய். புள்ளி என்ன வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி இல்லை. இந்த ஐந்து எழுத்து, பொட்டு, கால் ஆகியவற்றைக் கொண்டே படம், பாடம், பட்டம், பல், பால், பாலம், கல், கால், காலம், காகம், கடல், கப்பல், பகல், பாடல், பக்கம், மாடம், மடல், கட்டம் என்று பதினெட்டுச் சொல் வந்துவிடும். முதல் வாரத்திலேயே பிள்ளை 'கப்பல்' என்று படித்துவிடுவாள். அந்த மகிழ்ச்சி அரிச்சுவடியை வரிசையாக ஒப்பித்தால் கிடைக்காது. அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு எழுத்தும் ஒரு குறியும் சேர்த்தால் போதும். ஒரு நாளைக்கு 15 நிமிடம், அவள் 'இன்னும்' என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். எழுதிப் பழகத் தாம்பாளத்தில் அரை சென்டிமீட்டர் கனத்துக்கு ரவை பரப்பிக்கொள்ளுங்கள். பிள்ளையை முதன்முதலில் அரிசியில் எழுத வைக்கும் 'எழுத்தினிருத்து' வழக்கம் உங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் தினசரிப் பயிற்சிக்கு ரவையில்தான் கோடு தெளிவாக விழும்.

உகர வரிசை தனிச் சிக்கல். மற்றக் குறிகளெல்லாம் ஒட்டுத் துண்டாக வரும், உ, ஊ மட்டும் எழுத்தின் உருவத்தையே மாற்றும். வடிவம் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். சு, பு, யு, வு ஆகியவற்றில் கோடு நேராகக் கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவற்றில் வளைந்து சுற்றும். ணு, து, நு, லு, று, னு ஆகியவற்றில் கீழே இறங்கிச் சுழித்து மேலே ஏறும். இந்த மூன்றாம் கூட்டத்துக்கு ஒரு கால் போட்டால் ணூ, தூ, நூ, லூ என்று நெடிலாகிவிடும். கூட்டத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள்.

இனி மலையாளம். உங்கள் ஊரில் பஸ்ஸில் ஏறி இறங்கினாலே இரண்டு எழுத்துப் பலகையும் கண்ணில் படும். 'பாலக்காடு' என்று எழுதிய இரண்டு பலகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள். மலையாளத்தில் கடைசி எழுத்து 'ட'வின் தலையில் பிறைபோன்ற சந்திரக்கலைக் குறி இருக்கும், தமிழில் 'டு' இருக்கும். பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், அந்தக் கடைசி உகரம் அரைகுறையாகத்தான் ஒலிக்கிறது. மலையாளம் அந்த அரை ஒலிக்குச் சந்திரக்கலை வைக்கிறது, தமிழ் முழு 'உ' எழுதிவிட்டு அதற்குக் குற்றியலுகரம் என்று பெயர் வைத்திருக்கிறது. ஆகவே 'வீட்' என்று எழுதும் உங்கள் மகள் காதால் கேட்டதைப் பள்ளியில் கற்ற முறைப்படி நேர்மையாக எழுதியிருக்கிறாள். திட்ட வேண்டிய பிழையே இல்லை. அவளுக்குத் தேவை ஒரே விதி: க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச் சொல்லின் வாசலைத் தாண்டிப் போகாது, குடை பிடித்துக்கொண்டுதான் போகும், 'உ' என்பதே அந்தக் குடை. வீடு, காடு, நாக்கு, பத்து, பாம்பு, சேறு என்று எழுதி, ஒவ்வொன்றிலும் குடையை வண்ணப் பென்சிலால் பூசச் சொல்லுங்கள்.

அந்த 'ப' கேள்விக்கு வருவோம். 7 வயதில் அதைக் கேட்கிறாள் என்றால் அவள் காது கூர்மையாக இருக்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டு விரலை வைத்துக்கொண்டு 'பம்பரம்' சொல்லச் சொல்லுங்கள். முதல் 'ப'வில் விரலுக்குக் கீழே அதிர்வு இராது, 'ம்' ஒலித்த பிறகு வரும் 'ப'வில் அதிரும். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டித்த இடத்திலும் வல்லினம் கடினமாக ஒலிக்கும்: பல், அப்பா. மெல்லினத்துக்குப் பின்னால் அதிரும்: பாம்பு, சங்கு, வண்டு, பந்து. இரண்டு உயிருக்கு நடுவில் இளகும்: காகம், படம். இடம் பார்த்து ஒலி மாறுவதால்தான் தமிழுக்குத் தனி எழுத்து தேவைப்படவில்லை. மலையாளத்திலும் 'பாம்பு', 'பகல்' ஆகிய சொற்களை அவள் 'ப', 'க' போட்டுத்தான் எழுதுகிறாள், அதிரும் 'ப'வுக்குத் தனி எழுத்து இருந்தும் அதை அங்கே போடுவதில்லை. இதைச் சுட்டிக்காட்டினால் சண்டை தீர்ந்துவிடும். இந்த விதி தமிழ்ச் சொற்களுக்குத்தான் பொருந்தும். 'பஸ்', 'டாக்டர்', 'பாட்டில்' எல்லாம் அடங்காது. அவற்றுக்கு ஒரு தனி டப்பா வைத்து 'விருந்தாளிச் சொல்' என்று அட்டையைப் போட்டுவிடுங்கள். டப்பாவில் போடத்தக்க சொல்லைத் தேடிப் பிடிப்பதே ஒரு விளையாட்டாகிவிடும்.

மூன்றாவது தடுக்கல் ந, ன. மலையாளத்தில் இரண்டு ஒலிக்கும் ஒரே எழுத்து, ஆகையால் 'நாந்', 'நான்', 'னான்' என்று எதை வேண்டுமானாலும் எழுதுவாள். சொல்லின் முதலிலும் 'த'வுக்கு முன்னாலும் ந, மற்ற இடத்தில் ன என்று சொல்லுங்கள்: நரி, நண்டு, பந்து, சொந்தம், மான், மீன், யானை. 'முந்நூறு', 'செந்நெல்' போலச் சேர்த்து எழுதும் சில சொற்கள் மீறும், அவை ஐந்தாம் வகுப்புக்கு. நான்காவது, உங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிறது. மலையாளப் பலகையைப் படித்தால் 'கொழிஞ்ஞாம்பாற' என்று வரும், தமிழில் 'கொழிஞ்சாம்பாறை'. 'ஞ்ஞ' இங்கே 'ஞ்ச', கடைசி 'ற' இங்கே 'றை'. கஞ்ஞி கஞ்சி ஆகும், மாங்ங மாங்காய் ஆகும், வந்நு வந்து ஆகும். மல மலை, தல தலை, மழ மழை. ஆனால் 'ம்ப'வும் 'ண்ட'வும் இரண்டு பக்கமும் அப்படியே இருக்கும்: பாம்பு, வண்டி. 'எல்லை தாண்டும் சொல்' என்று பெயர் வைத்து, நீங்கள் மலையாளத்தில் சொன்னால் அவள் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு மாற்றி. எந்தச் சொல் உடை மாற்றுகிறது, எது மாற்றாமல் போகிறது என்று அவளே பட்டியல் போடட்டும்.

கைகொடுக்கும் இடங்களைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வருவது பல பிள்ளைகளுக்குப் புதிர், உங்கள் மகளுக்குப் பழக்கம், மலையாளத்திலும் அப்படித்தான். ஒகரம் எழுத்தை இரண்டு பக்கமும் அணைத்து நிற்பதும் அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி ல, ள, ழ, ர, ற. நம் வீட்டுப் பேச்சில் பழம் 'பளம்' ஆகிவிடுகிறது, ரகர றகர வித்தியாசம் கரைந்துவிட்டது. அவளோ பள்ளியில் 'பழம்', 'வழி', 'கோழி' என்று சுத்தமாகக் கேட்கிறாள். கறி, கரி, பாறை, மரம், புலி, புளி, கிளி, புழு ஆகிய எதில் சந்தேகம் வந்தாலும், 'ஸ்கூல்ல எப்படி எழுதுவே?' என்று கேளுங்கள், பெரும்பாலும் சரியான எழுத்து வந்து நிற்கும். பொள்ளாச்சியிலும் கோவையிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தத் துணை கிடையாது. 'வியாழக்கிழமை ஏழைக் கிழவன் வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்தான்' போன்ற நாக்குச் சுழற்றலை இதற்குப் பிறகு தாருங்கள். அது வாய்க்கான பயிற்சி, அதைச் சொல்வதெழுதலாக வைக்காதீர்கள்.

குறில், நெடிலுக்கு விரல் நொடி. கண்ணிமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியமே மாத்திரைக்கு அளவு சொல்கிறது, ஆகவே இந்த விளையாட்டுக்கு வயது அதிகம். குறிலுக்கு ஒரு நொடி, நெடிலுக்கு இரண்டு. மெய் அரை மாத்திரை, அதை நொடிக்க முடியாது, விரலை மடக்கினால் போதும். படம் பாடம், மலை மாலை, விடு வீடு, குடை கூடை, முடி மூடி, எடு ஏடு, கொடு கோடு, தொடு தோடு என்று இணை இணையாகச் சொல்லி நொடிக்க வையுங்கள். முதல் எழுத்துக்கு மட்டும் நொடித்தால் போதும். முழுச் சொல்லுக்கும் நொடிக்கப் போனால் 'மலை'யில் மாட்டிக்கொள்வீர்கள். ஐ நெடில் என்றாலும் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் குறுகி ஒரு மாத்திரைதான் ஒலிக்கும். பிள்ளை 'லை' ஒரு நொடிதான் என்று சாதிப்பாள். அவள் சொல்வது சரி.

இலக்கணத்தில் மலையாளவழிப் பிள்ளைக்கு உண்மையான மலை வினைமுற்று. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு: மலையாளத்தில் யார் வந்தாலும் வினை மாறாது. தமிழில் வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஆளைப் பொறுத்து வால் மாறும். இதற்கு 'ஆளைக் காட்டாதே' என்று ஒரு விளையாட்டு. ஒரு பையன், ஒரு பெண், ஒரு நாய்க்குட்டி என மூன்று படம் வரைந்து பரப்புங்கள். நீங்கள் 'ஓடினாள்' என்று வினையை மட்டும் சொல்ல வேண்டும், அவள் சரியான படத்தைத் தட்ட வேண்டும். முதல் நாலைந்து நாள் இந்த மூன்றோடு நிறுத்துங்கள். பிறகு அவள் வினை சொல்ல, நீங்கள் படம் தட்டுங்கள். வேண்டுமென்றே சில சமயம் தப்பாகத் தட்டுங்கள், உங்களைத் திருத்தும்போதுதான் விதி அவளுக்குச் சொந்தமாகும். அதற்கப்புறம் நான், நீ, கடைசியில் தாத்தாவுக்காக 'வந்தார்'. இங்கே பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தை மறக்கக் கூடாது. வாயில் 'வந்தா', 'வந்துச்சு' என்று வருவதைத் திருத்தாமல் விடுங்கள். அட்டையில் மட்டும் 'வந்தாள்', 'வந்தது' என்று எழுதி, 'இது அவளோட தாள் உடுப்பு' என்று சொல்லிவிடுங்கள்.

பெயரும் வினையும் பிரிக்க, இரண்டு வேலை பார்க்கும் சொற்கள் இருக்கின்றன. 'படியில் உட்கார்ந்து படி', 'ஓட்டின் மேல் ஓடாதே', 'முற்றத்து நடுவில் செடி நடு'. எந்தப் 'படி' பொருள், எந்தப் 'படி' வேலை என்று கேளுங்கள். 'ஐ' ஒட்டினால் பெயர் (படியை), 'ஆன்' சேர்ந்து நடந்ததைச் சொன்னால் வினை (படித்தான்). ஓடு 'ஓட்டை' ஆகும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், ஓட்டை என்றால் துளையும் ஆயிற்றே. சொல்லை வெட்டுவது அடுத்த படி: பலகை என்றால் மரத்துண்டு, பல கை என்றால் நிறைய கை. அந்தமான் தீவு, அந்த மான் காட்டில். இடைவெளி ஏன் வேண்டும் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. 'தந்த பலகை', 'தந்தப் பலகை' என்ற ஒற்று வேறுபாட்டை மூன்றாம் வகுப்பு முடியும் வரை தொடாதீர்கள்.

திருப்பிப் படித்தாலும் அப்படியே வரும் மாலைமாற்றுச் சொற்களை வாரம் ஒன்று தரலாம்: விகடகவி, குடகு, தேரு வருதே, மோரு போருமோ. அட்டையால் அடுக்கி, கடைசியிலிருந்து எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 'தே'யின் கொம்பைத் தனியாகக் கழற்றி வைத்தால் விளையாட்டு உடையும், குறியும் எழுத்தும் ஒரே ஆள் என்பது அப்போது புரியும். ஆங்கிலத்தில் எழுதினால் மலையாளம் என்ற பெயர் திருப்பிப் படித்தாலும் அதுவே. நம் எழுத்தில் அப்படி வராது, மலையாள எழுத்திலும் வராது. இரண்டு மொழியிலும் பொருள் மாறும் சொற்களை விடுகதையாக்குங்கள். 'ஸ்கூல்ல கேட்டா டம்ளர்ல தருவாங்க, வீட்ல சொன்னா ஊரே மூழ்கும்': வெள்ளம், மலையாளத்தில் அது தண்ணீர். 'அங்க வந்தா மாத்திரை போடணும், இங்க வந்தா கம்பளி போர்த்தணும்': பனி, மலையாளத்தில் அது காய்ச்சல். 'அங்க குரைக்கும், இங்க ஆடு அடையும்': பட்டி, மலையாளத்தில் அது நாய். இரண்டு மூன்று கேட்டால் நான்காவதை அவளே கட்டிவிடுவாள்.

இவையெல்லாம் எவ்வளவு உறுதி என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒலிப் பயிற்சி எழுத்துக்கு முன் வர வேண்டும் என்பதும், இரண்டு மொழிக்கும் இடையே நான் சொன்ன ஒலி, எழுத்து, வினை வேறுபாடுகளும் உறுதியானவை. ஐந்து எழுத்தில் தொடங்குவது, வாரக் கணக்கு, மலையாள வீட்டுப்பாடத்துக்கும் தமிழ் விளையாட்டுக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது ஆகியவை பழக்கத்தில் பலன் தந்தவை, உங்கள் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றலாம். விளையாட்டு எழுத்தை அறிமுகப்படுத்தும், சரளத்தைத் தராது. அதற்குத் தினமும் பத்து வரியாவது உங்களோடு சேர்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிள்ளையைப் பார்க்காமல் எழுதும் பதில் இது. மலையாளத்திலும் வகுப்புப் பிள்ளைகளைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தாலோ, கை தட்டும் விளையாட்டு ஒரு மாதமாகியும் பிடிபடாவிட்டாலோ, இரண்டு மொழியால் வந்த குழப்பம் என்று தள்ளிவிடாமல் முதலில் காதுப் பரிசோதனையும் பிறகு கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

மாமியாரின் 'லை' பற்றி. அவர் எழுதுவது பிழையே இல்லை. ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்பு யானைத் தும்பிக்கைபோல் எழுத்தோடு ஒட்டிய வளைவு இருந்தது, ணா, றா, னா மூன்றுக்கும் கால் தனியாக இல்லாமல் சுழியாகச் சேர்ந்திருந்தது. 1978-இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டு அவற்றை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் படித்தவர்கள் கை பழையபடியே எழுதும், அந்தக் காலப் புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கும். மகளுக்குப் புதிய வடிவம் கைக்கு வந்த பிறகு, பாட்டியையே உட்கார வைத்து அந்த ஏழு எழுத்தையும் தும்பிக்கையும் சுழியுமாக எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய எழுத்தில் பாட்டி ஒரு வரிக் கடிதம் எழுத, பேத்தி அதைப் புதிய எழுத்தில் பெயர்த்துப் பதில் எழுதட்டும்.